நகராத புள்ளி

அத்தியாயம் 6

"பாத்துக்கிடுங்க மேடம். எல்லாப் புள்ளியும் ஒரே இடத்துலயாக்கும்."

நீலகண்டன் தன் ஃபோனை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அறைந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்க மாடிவரை கேட்கிற அலுவலகம் அது. இந்தச் சத்தமும் அதோடு சேர்ந்து போயிற்று.

திரையில் திருவனந்தபுரம் வரைபடம். கழக்கூட்டத்தில், ஹைவேயை ஒட்டி, சிவப்புப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. மற்ற இடமெல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

"வன்னியராஜ் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்," என்றார் நீலகண்டன். பெயரைச் சொல்லும்போதே வாய் கோணியது.

சீதாலக்ஷ்மி மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தாள். மோதின வண்டிகளைப் பார்த்து எது நிஜ விபத்து, எது இன்சூரன்ஸ் பணத்துக்காக நடத்திய விபத்து என்று எழுதிக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது ஒரே உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டவன் பிரணவ். கட்சிக்காரர் முன்னால் அவளை மேடம் என்பான், மற்ற நேரத்தில் மாமி.

"உங்காத்துக்காரி அங்கே எதுக்குப் போறா?" மாமி கேட்டாள்.

"டாஷ்போர்டுல லைட்டு எரியலியாம்."

அதை அவர் சொன்ன விதத்தில், உலகத்தில் அதைவிட ஆபாசமான காரணம் இருக்க முடியாது என்று தோன்றியது.

விஷயம் இதுதான். நீலகண்டனின் மனைவி திவ்யலட்சுமி, பழைய வேன் ஒன்றை வாங்கிப் படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்து ஓடும் வீடாக மாற்றியிருந்தாள். 'மைனா' என்று பெயரும் எழுதியிருந்தாள். பெண்கள் கூட்டமாகச் சுற்றுலா போக அதை வாடகைக்கு விடுகிறாள். ஓட்டுவதும் அவளேதான்.

"வண்டி பழசு. ஒண்ணு மாத்தி ஒண்ணு போகத்தான் செய்யும், சம்மதிக்கேன்," என்றார் நீலகண்டன். "ஆனா ஸ்பீடு காட்டுத முள்ளுக்குப் பின்னால எரியுத குட்டி பல்புக்கு வாராவாரம் கழக்கூட்டமா? ஏன், எங்க கடை இருக்குத சாலைக் கம்போளத்துல, அத்தனை பெரிய கடைவீதியில, எலக்ட்ரீஷியனே கிடையாதா? எங்க பாத்திரக்கடைத் தூக்குவாளி ஒண்ணையும் வீட்டுல காணோம்."

"ஆளு பாக்க எப்படி சார்?" பிரணவ் கேட்டான்.

"நல்லாத்தான் இருப்பான்." பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிறவர் மாதிரிதான் அதைச் சொன்னார்.

பிரணவுக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. அவன் காதலி ஆஷா வேலை பார்ப்பதும் அதே கழக்கூட்டத்தில், ஐ.டி. வளாகத்தில். அவள் குழுவுக்கு அனூப் என்று புதுத் தலைவன் வந்திருந்தான். உயரமானவன், அவன் பைக்கும் உயரமானது. அன்றிலிருந்து "உன் பாதுகாப்புக்கு" என்று சொல்லி ஆஷாவின் ஃபோன் இருக்குமிடத்தைத் தன் ஃபோனில் தெரியும்படி செய்து வைத்திருந்தான் பிரணவ். நீலகண்டனைப் பார்க்கும்போது கண்ணாடி பார்ப்பதுபோல இருந்தது, அதனால் எரிச்சலாகவும் இருந்தது.

"முதல் தடவை போனப்போ விளக்கு சரியாச்சோ?" மாமி கேட்டாள்.

"ஆச்சு. பல்பெல்லாம் மாத்தி, பளிச்சுன்னு. வீட்டுக்கு வந்ததும் ஒரே புகழ்ச்சி. வன்னியராஜ் அப்படி, வன்னியராஜ் இப்படி. எனக்குச் சோறு இறங்கல. மறுநாளே, வண்டி நிக்குத இடத்தை ஃபோன்ல காட்டுத இந்த டிராக்கரை வாங்கி உள்ள வச்சேன்."

"யார் மாட்டினா?"

"நாந்தான். இதைப்போய் எந்த மெக்கானிக்கிட்ட சொல்ல? பெண்டாட்டிய வேவு பாக்கணும், ஒரு வயரு இழுத்துத் தாருங்கன்னா? ஃபோன்ல ஒரு வீடியோவைப் பாத்து டாஷ்போர்டுக்கு அடியில நானே கோத்து விட்டேன். நமக்குப் பாத்திரக்கடைதான், ஆனாலும் கைவேலை வரும்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் லைட்டு போக ஆரம்பிச்சு. அதாவது, போகுதுன்னு அவ சொல்ல ஆரம்பிச்சா."

மாமி புள்ளிகளை விரலால் தள்ளிப் பெரிதாக்கினாள். "வண்டி ராத்திரி முழுக்க உங்காத்து வாசல்லதானே நிக்கறது? அங்கே ஒரு புள்ளியும் காணோமே."

"அங்க சிக்னல் கிடைச்சிருக்காது."

"ஊருக்குள்ள கிடைக்காது, ஹைவேயில கிடைக்காது, அந்தப் பட்டறையில மட்டும் கிடைக்கும்," என்றான் பிரணவ். "அந்த சிம் எனக்கு வேண்டாம் சார்."

நீலகண்டன் காதில் அது ஏறவில்லை. "அஞ்சு மணிக்கு அவ அண்ணன் சொரிமுத்து நாகர்கோவில்லருந்து வாறான். தங்கச்சியக் கூட்டிட்டுப் போகச் சொல்லிருக்கேன். வண்டியையும் வித்துருவேன். அதுக்கு முன்னால உண்டா இல்லியான்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியணும்."

"இல்லைன்னு சொன்னா நம்புவேளா?"

அவர் ஃபோனை எடுத்து இன்னொரு முறை புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.

*

மாமியின் கார் கழக்கூட்டம் நெரிசலில் ஊர்ந்தது. ஐ.டி. வளாகத்து வாசலைத் தாண்டும்போது பிரணவ் மடியில் ஃபோனை மறைத்துப் பார்த்தான். ஆஷாவின் புள்ளி சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. சாப்பிடுகிற நேரமெல்லாம் முடிந்து வெகுநேரம் ஆயிற்று. எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவனுக்கு ஒரு படமே ஓடியது. அந்தப் படத்தில் அனூப் நன்றாகச் சிரித்தான்.

"உன் புள்ளி என்ன பண்றது?" மாமி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எந்தப் புள்ளி மாமி?"

"செரி, விடு." டாஷ்போர்டின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை அவள் கட்டை விரலால் கீழே உருட்டினாள். மீட்டர் விளக்குகள் மங்கி மங்கி அணைந்தன. "இப்போ நம்ம வண்டியிலும் விளக்கு எரியலை. வா, அந்த மன்மதனைப் பாக்கலாம்."

மன்மதன் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தான். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்து, மீசையை முறுக்கி, இரும்புத் தூணில் தொங்கிய கைக்கண்ணாடியில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். நீலகண்டன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று பிரணவுக்குப் பட்டது. பின்னால் வேப்ப மர நிழலில் 'மைனா' நின்றது. அதன் அருகே ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் பளபளவென்று ஒரு தூக்குவாளி. மூடியில் பொறித்திருந்த கடைப் பெயரைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

"மாமி, தூக்குவாளி," பிரணவ் முணுமுணுத்தான். "கேஸ் முடிஞ்சுது. ஒரு பொண்ணு ஒருத்தனுக்குச் சோறு கொண்டுவந்தா அதுக்கு மேல சாட்சி எதுக்கு?"

"உனக்குக்கூட ஓட்டல்காரன் தினம் சோறு போடறான். பேசாம இரு."

வன்னியராஜ் காருக்குள் தலையை விட்டான், வெளியே எடுத்தான். அவ்வளவுதான் நேரம். விளக்குகள் எரிந்தன.

"கேடு ஒண்ணும் இல்ல மேடம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குத சக்கரத்தை யாரோ ஒரேயடியாக் குறைச்சு வச்சிருக்காவ."

"எவ்வளவு தரணும்?"

"சக்கரம் உருட்டுனதுக்குக் காசு வாங்குனா நம்மள ஊருல என்ன சொல்லுவான்? போய்ட்டு வாங்க." சொல்லிவிட்டுக் கைக்கண்ணாடி பக்கம் திரும்பி மீசையைக் கவனிக்கப் போனான்.

யோக்கியனாகவும் இருக்கிறானே என்று பிரணவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியோ," மாமி குரலைத் தணித்தாள். "வேலை தெரிஞ்சவன். காசுக்குப் பறக்கலை. நம்ம வண்டியைத் தொட்டதும் கண்டுபிடிச்சான். அந்த ஒரு வண்டி மட்டும் இவன் கைக்கு ஏன் அடங்க மாட்டேங்கறது?"

"அவன் மனசு அடங்கல மாமி. சரி பண்ணிட்டா அவ வரமாட்டாளே."

"அது ஒரு வழி. இவனுக்குக் கோளாறு தெரியும், சரி பண்ண வேண்டாம்னு யாரோ சொல்லியிருக்கா. அது இன்னொரு வழி."

"ரெண்டும் ஒரே வழிதானே?"

மாமி அதற்குள் மைனாவை நோக்கி நடந்திருந்தாள்.

வேனுக்குள்ளிருந்து திவ்யலட்சுமி இறங்கினாள். சுடிதார் கையை முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தாள், கையில் கரித்துணி. கன்னியாகுமரிக்கு நாலைந்து மாமிகள் போகவேண்டும், வண்டி கிடைக்குமா என்று மாமி ஆரம்பித்ததும் அவள் முகம் மலர்ந்தது. படுக்கையை மடக்கி விரித்துக் காட்டினாள், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினாள். ஜன்னல் திரைகூட அவளே தைத்ததாம்.

"ஆனா பகல்ல மட்டுந்தான் சேச்சி," என்றாள். "லைட்டைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுனா டாஷ்போர்டு இருண்டுரும், ஃபியூஸ் போயிரும். அது போனா பின்னால சிவப்பு லைட்டும் சேந்து போகும். பின்னால வாற லாரிக்காரனுக்கு நாம இருக்கதே தெரியாது. இன்னைக்குச் சாயங்காலம்கூடக் கன்னியாகுமரிக்குப் போக ஒரு கூட்டம் பொம்பளப் பிள்ளைய காத்திருக்கு. முடியாதுன்னு சொல்லத்தான் போறேன். இந்த மாசத்துல விட்டுப்போற சவாரி எத்தனையாவதோ."

"இங்கே வந்தா சரியாறதோ?"

"இங்க நல்லா எரியும்." அவள் வேறெங்கோ பார்த்தாள். "வீட்டுக்குப் போனா எரியாது."

அதில் ஒரு கசப்பு இருந்தது. பிரணவ் அதைக் காதல் ஏக்கம் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நீலகண்டன் இறங்கினார். கடையில் உட்கார்ந்து காத்திருக்க அவரால் முடியவில்லை. மனைவியைப் பார்த்தார், வன்னியராஜின் மீசையைப் பார்த்தார், கடைசியில் ஸ்டூலைப் பார்த்தார்.

"எங்க கடைத் தூக்குவாளி," என்றார். வழியெல்லாம் என்னென்னவோ பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார் பாவம். வாயில் வந்தது அதுதான்.

"ஆமா," என்றாள் திவ்யா. "கூலி வேண்டாங்காரு. சோறாவது குடுக்கண்டாமா?"

"கூலி வாங்காம வேலை செய்ய இவன் யாரு உனக்கு?"

வன்னியராஜ் தலைமேலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். ஸ்பேனர் ஒன்று மேசையில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிரணவ் அதற்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றான். நின்ற பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான இடம் என்று உறைத்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள் மாமி. "சண்டை எங்கேயும் ஓடிப்போகாது. வன்னியராஜ், புது ஃபியூஸ் ஒண்ணு போடுப்பா. நீலகண்டன், உங்க ஃபோனைக் கையில வெச்சுக்கோங்கோ."

"மேடம், நீங்க எனக்காக்கும் வேலை பாக்கியது."

"அதைத்தான் பண்ணிண்டிருக்கேன்."

வன்னியராஜ் திவ்யாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் குனிந்து ஃபியூஸை மாற்றினான். மாமி ஓட்டுநர் இருக்கையில் ஏறி விளக்கைப் போட்டாள். நிழலில் நின்ற வண்டிக்குள் டாஷ்போர்டு மஞ்சளாக ஒளிர்ந்தது.

"ஆச்சு. காத்திருக்கலாம்."

எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. ஹைவேயில் கன்டெய்னர் லாரிகள் விழிஞ்ஞம் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பிரணவ் சொல்ல நினைத்த கேலிகளை எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டினான்.

நீலகண்டன் கையில் ஃபோன் 'டிங்' என்றது.

அவர் திரையைப் பார்த்தார். கழக்கூட்டம். வன்னியராஜ் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ். புத்தம் புதிய சிவப்புப் புள்ளி.

"நீங்க கோத்தது டாஷ்போர்டு விளக்குக்குப் போற வயர்," என்றாள் மாமி. "விளக்கைப் போட்டாத்தான் அதுல கரண்ட் வரும். பகல்ல ஓடற வண்டியில எவன் விளக்கைப் போடுவான்? அப்போல்லாம் உங்க பெட்டி தூங்கறது. சாயங்காலம் இவ விளக்கைப் போட்டா முழிச்சுக்கறது. ஆனா தான் எங்கே இருக்கோம்னு தெரிஞ்சுக்க அதுக்குக் கொஞ்ச நேரம் வேணும், இப்போ பாத்தேளே. அதுக்குள்ள ரோட்டுல ஒரு குழி. நீங்க வெறுமனே முறுக்கி விட்ட வயர் இரும்புல உரசும், ஃபியூஸ் போகும், விளக்கும் பெட்டியும் சேந்து அணையும். வண்டி குலுங்காம, விளக்கு ரொம்ப நேரம் எரியற இடம் ஊர்ல ஒண்ணே ஒண்ணு. அது இந்தப் பட்டறை."

நீலகண்டன் திரையிலிருந்த புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இவளை வாராவாரம் இங்கே அனுப்பி வெச்சது வேற யாருமில்லை, நீங்கதான்."

பிரணவுக்கு நீலகண்டனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சந்தேகம் தீர்ந்தவரின் முகமாக அது இல்லை. பிடித்துக்கொண்டு நின்ற கம்பு கையோடு ஒடிந்துவிட்டவரின் முகமாக இருந்தது.

"பெட்டியை எடுத்துடலாம். உள்ளே எங்கே சொருகியிருக்காரோ, தேடணும். பிரணவ், டார்ச் எடு," என்றாள் மாமி.

பிரணவ் ஃபோன் டார்ச்சைப் போடுவதற்குள் திவ்யா வண்டிக் கதவருகே வந்து, குனியாமல், பார்க்காமல், டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாள். கறுப்பாகத் தீப்பெட்டி அளவில் ஒன்று வயரோடு வெளியே வந்தது. தன் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சீரகம் எடுப்பதுபோல அத்தனை பழக்கமாக இருந்தது அந்தக் கை.

மாமியே ஒரு நொடி திகைத்துப் போனாள். "உனக்குத் தெரியுமா?"

"முதல் ஃபியூஸ் போன அன்னைக்கே இவரு காட்டித் தந்தாரு." திவ்யா வன்னியராஜைக் கையால் காட்டினாள். "வெட்டிப் போடட்டுமா அக்கான்னாரு. வேண்டாம், இருந்த இடத்துல இருக்கட்டும்னு நாந்தான் சொன்னேன்."

"நான் ஃபியூஸ் மட்டும்தான் மாத்துவேன் மேடம்," என்றான் வன்னியராஜ், முதல் தடவையாகச் சங்கடத்தோடு. "கோளாறை வச்சிக்கிட்டே வண்டியை அனுப்புனா அதுக்குக் கூலி எப்படி வாங்குவேன்?"

"ஏன் திவ்யா?" நீலகண்டனின் குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "தெரிஞ்ச அன்னைக்கே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேப்பியன்னு இருந்தேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு வாட்டியும் வீட்டுக்கு வந்து, லைட்டு போச்சு, வன்னியராஜ் பட்டறைக்குப் போனேன்னு நானே சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தாக்கூட சந்தோஷப்பட்டிருப்பேன். நீங்க ஃபோனைப் பாத்தியளே தவிர என் முகத்தைப் பாக்கல. இதை எடுத்தா வேற எங்கயாவது ஒண்ணு வைப்பிய. இதுன்னா எங்க இருக்குன்னாவது எனக்குத் தெரியும்."

வன்னியராஜ் குறட்டால் வயரைத் துண்டித்து முனையில் டேப் சுற்றினான். டாஷ்போர்டு விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. திவ்யா பெட்டியைக் கணவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விட்டாள்.

"அண்ணனை வரச் சொல்லிருக்கியளாமே. காலைல அவனே ஃபோன் பண்ணிக் கேட்டான், என்ன சங்கதின்னு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். எதுக்கு வரச் சொன்னியன்னு நீங்களே அவங்கிட்ட சொல்லிருங்க. எனக்குச் சவாரி இருக்கு, பிள்ளைய காத்திருக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிளப்பாமல் இருந்தாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய், அந்த இரண்டில் ஒன்றை அவர் கேட்டிருந்தால் போதும். நீலகண்டன் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மைனா பட்டறையைவிட்டு இறங்கியது. வெயில் இருக்கும்போதே பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. தெற்கே திரும்பி, லாரிகளோடு கலந்து மறைந்தது.

பிரணவ் காருக்குப் பக்கத்தில் போய் நின்று தன் ஃபோனைத் திறந்தான். ஆஷாவின் புள்ளி அதே சாப்பாட்டுக் கூடத்தில். அவன் மனதில் ஓடிய படத்தில் அனூப் இன்னும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த எரிச்சல் போகவில்லை, எங்கும் போவதாகவும் இல்லை. ஆனாலும் அவன் புள்ளியை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான்.

"ஆஷா, எங்க இருக்கே?"



"கேன்டீன்ல," என்றாள் அவள். "வேலையை விட்டுறலாமான்னு தனியா உட்கார்ந்து யோசிச்சிட்டிருக்கேன். அப்பாடா, நீ கேட்டியே."



மாமி காரைக் கிளப்பி, பட்டறைப் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்டூலில் நீலகண்டன் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குவாளி, ஒரு கையில் செத்துப்போன பெட்டி, மற்ற கையில் ஃபோன்.

"வாங்கோ, ஆத்துல கொண்டு விடறேன். மச்சினர் வந்துடுவார்."

அவர் எழுந்திருக்கவில்லை. பட்டறைமேல் கடைசிச் சிவப்புப் புள்ளி அப்படியே நின்ற திரையை மாமி பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

"அவ இங்கதான் நிக்கான்னு காட்டுது மேடம்."